இடக்கை அரம்

மேசையில் நான்கு அரங்கள்.
வெளியே கான்சஸின் மார்ச் காற்று
கொட்டகைத் தகரக் கதவை விடாமல் ஆட்டுகிறது.
மார்லிஸ் இன்னும் எதையும் தொடவில்லை.

கிடுக்கியில் இறுகியிருப்பது ஓசேஜ் மரம்.
வயலோர முள்வேலியில் நின்றது,
நான்கு வருடம் உத்தரத்தின் மேல் காய்ந்தது.
வெட்டிய அன்று
பச்சை மஞ்சள் கிழங்கைப் பிளந்தாற்போல் இருந்தது.
வில்லின் முதுகில் ஒரே ஒரு வளையம்,
நுனி தொட்டு நுனி வரை அறுபடாமல்.
அதைக் கீறக் கூடாது. கீறினால் வில் முறியும்.
அரத்துக்கு விதித்தது வயிற்றுப் பக்கம் மட்டும்.

முதல் அரம்
லாடம் அடிக்கும் கார்வின் கொடுத்தது.
குளம்புகளில் மழுங்கிப்போனதும்
குதிரைக்கு ஆகாது, மரத்துக்கு ஆகும் என்று
வண்டிச் சன்னல் வழியே நீட்டினான்.
முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. பிடி கிடையாது.
பசித்தவன் சோற்றை அள்ளுவதுபோல் அள்ளும்.
பல்லிடுக்கில் இன்னமும் குளம்பு நாற்றம்.

இரண்டாவது,
ரம்பத் தகடுகளை வலைபோல் பின்னிய ஜப்பான் அரம்.
அடைத்துக்கொள்ளாது, அலுத்துக்கொள்ளாது.
அதன்மேல் அவளுக்குக் குறையில்லை.
பிரியமும் இல்லை.

மூன்றாவது இரும்புக் கடையில் பதினான்கு டாலர்.
இயந்திரம் வைத்த பற்கள்,
அணிவகுப்புச் சிப்பாய்கள், வரிசை பிசகாது.
கெடுதலே அதனால்தான்.
ஒரு பல் போன தடத்தில் அடுத்த பல்லும் போகும்,
மரத்தில் உழவுசால் விழும்.
சாலை அழிக்க இழுத்தால் சால் ஆழமாகும்.
அதற்குள் ஐந்து பவுண்டு
தரையில் தூளாய்க் கிடக்கும்.

நான்காவது
பிரான்சில் யாரோ
உளியும் சுத்தியுமாய் உட்கார்ந்து
ஒவ்வொரு பல்லாய்க் கிளப்பியது.
மனிதக் கை, இடைவெளி கோணும்.
அந்தக் கோணலில்தான் மரம் வழவழப்பாகிறது.
ஒரு பல் விட்டதை
இன்னொன்று வேறு பாதையில் வந்து எடுக்கும்.

வாங்கும்போது கேட்டிருந்தார்கள்:
வலக்கையா, இடக்கையா?
ஐம்பத்திரண்டு வயதில்
முதல்முறையாக ஒரு கருவி அவளைக் கேட்டது.
பள்ளிக்கூடக் கத்தரிக்கோல் கேட்டதில்லை.
டப்பா திறப்பான் கேட்டதில்லை.
இடக்கை என்று எழுதி
அடியில் கோடும் போட்டாள்.

வில் வெர்லினுக்கு.
தோள்மூட்டை அறுத்துத் தைத்த பிறகு
முப்பத்தெட்டு பவுண்டுக்கு மேல்
மருத்துவர் விடமாட்டார்.
சுவரில் கப்பியில் கயிறு கட்டி இழுத்தால்
இப்போது ஐம்பத்தொன்று காட்டுகிறது.
எடுக்க வேண்டியது பதின்மூன்று.
மரமாய் அள்ளிப் பார்த்தால் ஒரு கைப்பிடிகூட இராது.

குளம்பு அரத்தில் தொடங்குகிறாள்.
மரம் என்ற சொல்லின் முதல் மெய்யைச் சீவினால்
மிஞ்சுவது அரம்.
மார்லிஸுக்கு இந்த மொழி தெரியாது.
தெரிந்தாலும் இப்போது நேரமில்லை,
நாற்பத்துநான்குக்கு வந்துவிட்டாள்.
கீழ்க்கரத்தின் நடுவில் ஒரு கணு.
அதைச் சுற்றிக் கொஞ்சம் தசை விட்டுவைக்க வேண்டும்.
இங்கே அள்ளுகிறவனை விடக் கூடாது.

நான்காவதை எடுக்கிறாள், இடக்கையில்.
கர் கர் என்றிருந்த ஓசை
ஸ்ஸ் என்று தணிகிறது.
மூன்று இழுப்பு. கப்பி. இரண்டு இழுப்பு. கப்பி.
ஒருமுறை
இழுக்க ஓங்கிய கையை
இழுக்காமல் இறக்குகிறாள்.

முப்பத்தொன்பது.

மிச்சம் ஒரு பவுண்டு.
நான்கு அரங்களும் மேசையில்.
எதையும் தொடவில்லை.
நாற்பது முறை நாண் இழுத்தால் அது தானே போகும்.
வெர்லினே இழுக்கட்டும்,
மெதுவாக, ஒரு நாளைக்குப் பத்து.

பித்தளைத் தூரிகையால் பற்களைத் தேய்க்கிறாள்.
மஞ்சள் தூள்
இடது சட்டைக்கையெங்கும்.
வாசலில் படுத்திருந்த நாய்
இரண்டு தும்மல் போட்டுவிட்டு
மறுபடி படுத்துக்கொண்டது.